தோசைக்கல்: வார்ப்பிரும்பா, அலுமினியமா, எவர்சில்வரா?

வெப்பக் கடத்துதிறனை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. மீட்டர்-கெல்வினுக்கு அலுமினியம் சுமார் 235 வாட், வார்ப்பிரும்பு 50 சொச்சம், எவர்சில்வர் வெறும் 15. ஆனாலும் முறுகல் தோசைக்கு நான் வார்ப்பிரும்புக் கல்லைத்தான் சொல்வேன்.

மாவு கல்லைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஈர மாவு சூட்டை மளமளவென்று இழுக்கிறது. கொதிநிலைக்கு வந்த தண்ணீரில் ஒரு கிராம் ஆவியாகவே சுமார் 2,260 ஜூல் வேண்டும். அடுப்பால் அதை உடனே ஈடுகட்ட முடியாது. கல் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் சூடுதான் கைகொடுக்கும். எடைக்கு எடை பார்த்தால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சூட்டைத் தேக்கும். ஆனால் நாம் வாங்குவது எடைக்கு அல்ல, அகலத்துக்கு. ஒரே அகலம், ஒரே தடிமன் என்றால் இரும்புக்கல்தான் கனம்; அதனால் அதுதான் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தேக்கும். மலிவான அலுமினியக் கல் மெல்லிசாகவும் இருக்கும்; அடுத்தடுத்து ஊற்றினால் தோசை வெளுத்துப்போகும்.

இரும்பிலும் குறை உண்டு. சூடு ஓரத்துக்குப் போக நேரமாகும். நடுவில் கருகி ஓரம் வேகாமல் நிற்கும். சிறு தீயில் பொறுமையாகக் காயவைத்தால் சரியாகிவிடும். பெரிய கல், சின்ன பர்னர் என்றால் தடிமனான அலுமினியம் நல்ல தேர்வுதான். நான்ஸ்டிக் பெரும்பாலும் அலுமினியம்தான், மேலே டெஃப்லான் பூச்சு. 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தப் பூச்சு கெடத் தொடங்கும். வெறும் கல்லை அடுப்பில் காயவிட்டுப் போகாதீர்கள்.

தனி எவர்சில்வர் தோசைக்கு வேண்டாம். தீ படும் இடத்திலேயே சூடு தங்கிவிடும், மாவும் ஒட்டும். நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்குக் கல் என்றால் சூடு பரவும், ஒட்டுவது மட்டும் அப்படியே இருக்கும்.

எந்தக் கல்லானாலும் எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு அவசியம். வழுவழுப்பாகத் தெரியும் கல்லிலும் மேடுபள்ளம் உண்டு; பள்ளத்தில் காற்று இருந்தால் சூடு மாவுக்குப் போகாது. காற்றின் கடத்துதிறன் சுமார் 0.026, எண்ணெயுடையது சுமார் 0.17. அந்த மெல்லிய படலம் இடைவெளியை நிரப்பி, சூடு கடக்க வழி செய்கிறது. பழகிய இரும்புக் கல்லுக்கு ஒரு சொட்டு போதும்.

இண்டக்ஷன் அடுப்பு என்றால் சாதாரண அலுமினியம் சூடேறாது. அடி தட்டையான இரும்புக் கல்லாகப் பார்த்து வாங்குங்கள்.