மருத்துவப் படிப்புக்கு உதவிப் பணம்: எது எப்போது கைக்கு வரும்?

கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து அலாட்மெண்ட் ஆர்டர் வந்த பிறகு கல்லூரியில் சேரக் கிடைக்கும் அவகாசம் சில நாள்கள்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள்களில் யாராவது ஓர் அப்பா, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். "சார், ஸ்காலர்ஷிப் மொத்தம் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்பார். "எவ்வளவுன்னு அப்புறம் பார்ப்போங்க. ஃபீஸ் எப்ப கட்டணும், அந்தப் பணம் எப்ப வரும், அதை மொதல்ல பார்ப்போம்" என்பேன்.

தொகையை மட்டும் வைத்து இந்த உதவிகளை வரிசைப்படுத்தினால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். கட்டணமே கேட்காத வழி ஒன்று இருக்கிறது. முதலில் நாம் புரட்டிக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று. கடனாக வாங்கி வட்டியோடு திருப்பும் வழி ஒன்று. பணமாக இல்லாமல் நம் வயதின் சில ஆண்டுகளாகத் திருப்பிக் கொடுக்கும் வழியும் உண்டு. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேரும் ஒரு பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

7.5 சதவீதமும் போஸ்ட் மெட்ரிக்கும்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாக வந்தது. அந்த முதல் ஆண்டு கவுன்சிலிங்கில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். தனியார் கல்லூரியில் இடம் வந்தும், லட்சக்கணக்கில் கட்டணம் என்றதும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குச் சில நாள்களில், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. உதவி வந்துவிட்டது. சிலருக்கு மட்டும் சில நாள் பிந்தி வந்தது. தேதியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம்.

இன்று இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குத் தனியார் கல்லூரி என்றாலும் பயமில்லை. பணம் அரசிடமிருந்து கல்லூரிக்குப் போகிறது, நம் கைக்கு வந்து போவதில்லை. குடும்ப வருமான வரம்பும் கிடையாது. அப்பாவுக்கு நடுவில் நல்ல வேலை கிடைத்தாலும் உதவி நிற்காது. அதனால்தான் இதற்குத் தகுதி உள்ளவர்களிடம் மற்ற எதையும் யோசிக்க வேண்டாம் என்கிறேன். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் பள்ளிகளிலும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான் நிறைய.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பள்ளியிலிருந்து போன ஒரு பெண்ணிடம் ஒரு தனியார் கல்லூரியில் "இதர கட்டணம்" என்று ஒரு தொகையைக் கேட்டார்கள். என்ன இதரம் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்று அவள் அப்பா பிடிவாதமாக நின்றார், கேட்பதை விட்டுவிட்டார்கள். வாய்மொழியாகக் கேட்கும் எந்தப் பணத்துக்கும் ரசீதும் காரணமும் எழுத்தில் கேளுங்கள்.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வேறு மாதிரி. எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று அது கேட்காது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களை அது ஏற்கிறது. அதோடு தொழிற்படிப்பு என்பதால் விடுதியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 7,000 ரூபாய் படி உண்டு. மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது, அதை எடுத்து அவர்தான் கல்லூரியில் கட்ட வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கல்லூரி கேட்பது சேர்க்கை நாளில், பணம் வருவது பல மாதம் கழித்து. இந்த உதவிக்குத் தகுதி உண்டு என்று காட்டும் ஃப்ரீஷிப் கார்டு இருந்தால் முன்பணம் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் "இப்ப கட்டிடுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்" என்றால், தாலியை அடகு வைத்தாவது கட்டத்தான் பெற்றோர் ஓடுவார்கள். ஓடாதீர்கள். முதல்வரைப் பார்த்துப் பேசுங்கள், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவி பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே பன்னிரண்டாயிரம், இரண்டு மாதிரி

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் என்பது பெரிய சுமை இல்லை. மாதாமாதம் வரும் மெஸ் பில்தான் வீட்டை அசைக்கும். முதல் மாதத்திலேயே ஏப்ரன், டிசெக்ஷன் கிட், புத்தகம் என்று வரிசை கட்டும். போன் செட் என்று சொல்லும் எலும்புகளை மட்டும் புதிதாக வாங்காதீர்கள். இரண்டாம் ஆண்டு சீனியர்கள் பாதி விலைக்கோ சும்மாவோ கொடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கிடைத்த செட்டில் எலும்பின் மேலேயே தசை ஒட்டும் இடங்களைச் சிவப்பு, நீல மையில் குறித்துவைத்திருந்தார்கள். அது புத்தகத்தைவிட உதவியது என்றாள்.

இந்த மாதச் செலவுக்கு இரண்டு திட்டங்களை ஒப்பிடலாம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று மாதாமாதம் வருகிறது, மெஸ் பில்லோடு சேர்ந்தே வருகிறது. மற்றது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக.

மத்திய உதவித்தொகைக்குப் பிளஸ் டூவில் முதல் 20 பெர்சென்டைலுக்குள், அதாவது மதிப்பெண்ணில் மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் அனாட்டமியில் ஒரு முறை சறுக்குவது நல்ல மாணவருக்கும் நடக்கும். அப்போது பணமும் போய்விடும். தவிர, வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு அது கிடையாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டையும் மற்ற உதவிகளோடு சேர்த்தே வாங்கலாம். அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் என் ஓட்டு மாநிலத் திட்டத்துக்குத்தான். தனியார் பள்ளியில் படித்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மத்திய உதவித்தொகை நல்ல வழி.

இன்ஸ்பயர் உதவித்தொகை எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது, அடிப்படை அறிவியல் படிப்புகளுக்குத்தான். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதியும் பொறியியல் பக்கம். இரண்டுக்கும் விண்ணப்பித்து நாளை வீணாக்க வேண்டாம்.

கடன்: வட்டியை யார் கட்டுகிறார்கள்?

பொதுப் பிரிவிலோ பிற்படுத்தப்பட்ட பிரிவிலோ தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்த நடுத்தரக் குடும்பத்துக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாக உதவாது. அவர்களுக்கு வங்கிக் கடன்தான். இதில் பலரும் வட்டி விகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைக் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் 2 லட்சம் வீதம் 10 லட்சம் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஐந்தரை ஆண்டு, அதற்குமேல் ஓராண்டு சலுகைக் காலம், ஆக ஆறரை ஆண்டு. முதல் 2 லட்சத்துக்கு ஆறரை ஆண்டு வட்டி, அடுத்ததற்கு ஐந்தரை என்று கூட்டினால், தனி வட்டியாகவே 4,50,000 ரூபாய். தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 14.5 லட்சமாக நிற்கும். பதினைந்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 15,600 ரூபாய். அந்த வட்டி ஏறாமல் இருந்திருந்தால் மாதம் 10,750 ரூபாயில் முடிந்திருக்கும்.

இந்த நாலரை லட்சத்தை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் கடன்களுக்கு நடுவே உள்ள உண்மையான வித்தியாசம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய வட்டி மானியத் திட்டத்தில் படிக்கும் காலத்துக்கும் சலுகைக் காலத்துக்கும் உரிய வட்டி முழுவதையும் அரசு கட்டும். 8 லட்சத்துக்குள் இருந்தால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதப் புள்ளி தள்ளுபடி கேட்கலாம். மேலே சொன்ன கணக்கில் நாலரை லட்சம் 3,15,000 ஆகக் குறையும். பிணையும் ஜாமீனும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் திட்டம் தரவரிசையில் மேலே உள்ள கல்லூரிகளின் பட்டியலுக்கு மட்டும்தான், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் வட்டித் தள்ளுபடி. கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் வழக்கமான கல்விக் கடன்: 4 லட்சம் வரை பிணை வேண்டாம், 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்குமேல் சொத்துப் பத்திரம். என் அக்கா மகனுக்காக ஒரு வங்கிக் கிளைக்குப் போனபோது, 4 லட்சத்துக்கே வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார் மேலாளர். வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பினால் நம்மிடம் எந்தச் சாட்சியும் இல்லை. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யா லக்ஷ்மி இணையதளத்தில் பதிவுசெய்து, மூன்று வங்கிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பினோம். இன்னொரு வங்கி இருபது நாளில் கொடுத்தது.

ஆண்டுகளாகத் திருப்பிக் கொடுப்பது

புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படிப்பும் தங்குமிடமும் இலவசம். படித்து முடித்ததும் ராணுவ மருத்துவ அதிகாரியாகப் பணிசெய்ய வேண்டும், விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும். நீட் மதிப்பெண்ணோடு ஆங்கிலத் தேர்வு, நேர்காணல், உடல் தகுதி எல்லாம் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்கு இங்கேயே ஓர் அரசுக் கல்லூரி கிடைக்கும். அதனால் பணத்துக்காக மட்டும் அங்கே போக வேண்டாம், சீருடை மீது ஆசை இருந்தால் போகட்டும். வேலூர் சி.எம்.சி.யிலும் கட்டணம் மிகக் குறைவு. ஸ்பான்சர்ஷிப்பில் சேர்ந்தவர்கள் படித்து முடித்ததும் அனுப்பிய மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு வேலை செய்கிறார்கள். ஒரு சிறு ஊர் மருத்துவமனையில் இருபத்து நாலு வயதில் எல்லா நோயாளியையும் தானே பார்க்கும் அந்த இரண்டு ஆண்டை நான் செலவாக நினைக்க மாட்டேன்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, சென்னை கே.கே. நகர் உட்பட இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு இருப்பது திருப்பூர், அம்பத்தூர்க் குடும்பங்களிலேயே பலருக்குத் தெரியாது. அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

அகரம் போன்ற அறக்கட்டளைகள், நிறுவனங்களின் உதவித்தொகைகள் எல்லாம் நல்லவைதான். அவர்களின் நேர்காணலும் தேர்வும் முடிய மாதங்கள் ஆகும். முதலாண்டுச் சேர்க்கைப் பணத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம், இரண்டாம் ஆண்டிலிருந்து கைகொடுக்கும்.

கடைசியாக, போஸ்ட் மெட்ரிக்கில் சேர்ந்த எங்கள் மாணவன் ஒருவனுக்கு நடந்தது. தளத்தில் பணம் போய்விட்டதாகக் காட்டியது, அவன் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. மூன்று மாதம் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தான். ஆறாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காக வேறொரு வங்கியில் கணக்கு திறந்தது அவன் அம்மாவுக்குத்தான் நினைவுக்கு வந்தது. ஆதார் அதோடுதான் இணைந்திருந்தது. பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த அந்தப் பழைய பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால் பணம் முழுதும் அங்கே இருந்தது. இப்போது நீட் விண்ணப்பம் போடும்போதே பிள்ளைகளை வங்கிக்கு அனுப்பி, ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு வரச் சொல்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் அதே வாரத்தில் இ-சேவையில் விண்ணப்பம் போட்டுவிடுகிறோம்.