கூலியன் காசு வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

பழைய காசு சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போலிக் காசுக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பீன்ஸில் கூலியன் என்றொரு தீவு. அமெரிக்கர் ஆட்சியில், 1906 முதல் தொழுநோயாளிகளை ஊர் ஊராகப் பிடித்துக் கப்பலேற்றி அங்கே இறக்கினார்கள். காசு வழியாக நோய் பரவும் என்ற பயத்தில், 1913இல் தீவுக்குள் மட்டும் செல்லும் காசை அடித்தார்கள். வெளியே அதற்கு ஒரு வாழைப்பழம்கூடக் கிடைக்காது. தப்பியோடுகிறவன் கையில் இருப்பது செல்லாக் காசு. நம் மலேசியாவில், சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பிலும் 1936இல் இப்படித் தனி நோட்டு விட்டார்கள். அதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து.

இணையத்தில் ஒருவர் 1913ஆம் ஆண்டின் ஒரு பெசோ கூலியன் காசை விற்பனைக்குப் போட்டிருந்தார். 'நோயாளியின் பேரன் கொடுத்தது' என்று கண்ணீர்க் கதை வேறு. வாங்கிவிட்டேன். காசு வந்ததும் கையில் வைத்துப் பார்த்தேன், நல்ல கனம். கனமாக இருக்கிறதே, அசல்தான் என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

1913இல் அடித்த காசெல்லாம் அலுமினியம். கிருமிநாசினியில் முக்கி முக்கி அது அரித்துப்போனது. அப்புறம்தான் செப்பு-நிக்கலுக்கு மாறினார்கள். 1922 பெசோ அந்த வகை. ஆக, 1913 பெசோ கனக்கவே கூடாது. வீட்டில் கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்: 14 கிராம். அதே அளவு அலுமினியம் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மேசையில் போட்டால் வேறு கணீரென்றது.

விற்றவரிடம் கேட்டேன். "விளக்கத்தில் நகல் என்று போட்டிருக்கிறோமே சார்" என்றார். சரி என்று போய்ப் பார்த்தால், கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கிறது. நான் வாங்கியபோது அந்த வரி இல்லை என்று நிரூபிக்க என்னிடம் படம் எதுவும் இல்லை. நீங்கள் வாங்கினால் பணம் கட்டுவதற்கு முன்பே விளம்பரம் முழுவதையும் படமெடுத்து வையுங்கள்.

ஈப்போ நண்பர் ஒருவரும் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார். இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆண்டில் உள்ள 3க்குக் கீழே, விளிம்பில், அரிசி முனை அளவு ஒரு பள்ளம். இரண்டிலும் அதே இடம், அதே சாய்வு. ஒரே அச்சில் வார்த்தது. அந்தப் பள்ளத்தோடு மூன்றாவது காசு ஒன்று நேற்றுதான் விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்தத் தடவை 350 வெள்ளி.