ஒற்றை ஆள் படகில் எந்தத் தூண்டில்?

2020 மார்ச்சுக்கு முன்னால் ட்ரோலிங் பிடிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நேராக ஆழத்துக்குப் போகும். மீன் எத்தனை அடியில் நிற்கிறது, நம் இரை எத்தனை அடியில் போகிறது, அவ்வளவுதான். கொரோனா வந்த அந்த வசந்த காலத்தில் எனக்கு வேறொரு கணக்கு முந்திக்கொண்டது. படகில் எத்தனை கை இருக்கிறது?

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: படகை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டே பின்னால் போலி இரையை இழுத்துப் போவதுதான் ட்ரோலிங். ஏரியில் ட்ரவுட், சால்மன் இரண்டையும் தேட இதைவிட நல்ல வழி குறைவு. அவை ஓரிடத்தில் நிற்கிற மீன்கள் அல்ல. குளிர்ந்த நீரையும் சின்ன மீன்களையும் தேடித் திரிந்துகொண்டே இருக்கும். ஆனால் இது இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒருவர் சுக்கானில் இருந்தால் இன்னொருவர் தூண்டிலில் இருக்க வேண்டும். மீன் மாட்டினால் ஒருவர் ரீலைச் சுற்ற, மற்றவர் கைவலையை நீட்ட வேண்டும்.

ஆறடி தள்ளி இருக்கச் சொன்னார்கள். என் படகு 16 அடி. ஒருவர் அணியத்திலும் (படகின் முன்முனை) மற்றவர் அமரத்திலும் (பின்முனை) உட்கார்ந்தால் ஆறடி தாராளமாகவே கிடைக்கும். மீன் மாட்டுகிற வரைக்கும்தான் அது. மாட்டிவிட்டால் இரண்டு பேரும் ஒரே மூலையில் தோளோடு தோள் உரசி, ஒருவர் முகத்தில் ஒருவர் கத்திக்கொண்டு நிற்போம். முகக்கவசம் முதல் ஐந்து நிமிடத்திலேயே நனைந்துவிடும். வழக்கமாகக் கூட வருகிற நண்பர் வேறு வீட்டுக்காரர், அவர் வீட்டில் வயதானவர்கள் உண்டு. அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதனால் கீழே வரும் ஒப்பீடு முழுக்க ஒற்றை ஆளின் கண்ணோட்டம்தான். இரண்டு பேர் போகிற படகுக்கு இதே கருவிகளை வேறு வரிசையில் அடுக்குவேன்.

முதலில் படகு. வாடகைக்குப் போகும் சார்ட்டர் படகா, சொந்தச் சிறு படகா, ஒடுங்கிய சிறு துடுப்புப் படகான கயாக்கா? உண்மையில் இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை மீனே சொல்லிவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1966-இல் கோஹோ சால்மனையும் 1967-இல் சினூக் சால்மனையும் ‘கிரேட் லேக்ஸ்’ எனப்படும் பெரிய ஏரிகளில் விட்டது, அங்கே அளவுக்கு மீறிப் பெருகியிருந்த ஏல்வைஃப் மீனைத் தின்னட்டும் என்று. அந்த சினூக் கோடையில் குளிர்ந்த நீரைத் தேடிக் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளிப் போய்விடும். அதைத் துரத்த 16 அடிப் படகில் தனியாகப் போவது தைரியம் இல்லை, முட்டாள்தனம். அங்கே சார்ட்டர்தான் சரி. பெரிய படகு, ரேடியோ, அனுபவப்பட்ட கேப்டன் என்று எல்லாம் இருக்கும். ஆனால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் சாதாரண கேப்டன் உரிமத்தில் 6 பயணிகள் வரை ஏற்றலாம், கேப்டனும் உதவியாளும் தனி. முன்பின் தெரியாத ஆறு பேர் ஒரே பின்தளத்தில் நிற்பதை 2020 கோடையில் நான் ஏற்கத் தயாராக இல்லை. ஒரே வீட்டு ஆட்களே ஆறு பேர் சேர்ந்து எடுத்தால் கதை வேறு. அப்படிப் போனவர்கள் புத்திசாலிகள்.

கயாக் என் முதல் தேர்வு அல்ல, ஆனால் சில வாரங்கள் சிலருக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஏப்ரல் 9 அன்று வந்த மிச்சிகன் ஆளுநர் ஆணை மோட்டார் படகுகளை நிறுத்தியது. துடுப்புப் போடும் கயாக்குக்கும் கேனோவுக்கும் தடை இல்லை. ஏப்ரல் 24 அன்றுதான் மோட்டாருக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. வாஷிங்டன் மாநிலமோ மார்ச் 25 இரவு தொடங்கி மே 5 வரை பொழுதுபோக்கு மீன்பிடிப்பையே மூடிவிட்டது, துடுப்பா மோட்டாரா என்ற பேச்சுக்கே இடமில்லாமல். எல்லை ஏரிகளில் இன்னொரு கூத்து. மார்ச் 21 முதல் அமெரிக்க–கனடா எல்லை அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடியிருந்ததால், மீன் பிடிக்க என்று கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தண்ணீருக்குள் படகை விட முடியாது. அந்தக் கோடு சால்மனுக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

மிதிக்கிற கயாக்கில் மணிக்கு 2, 3 கிலோமீட்டர் எளிதாக வரும். கொக்கனிக்கு அது கச்சிதமான வேகம். கொக்கனி என்பது கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்ஐ சால்மன், நுண்ணுயிர் மிதவைகளைத் தின்று வளர்கிறது, அவசரமே இல்லாத மீன். சினூக்குக்கு 4 கிலோமீட்டர் பக்கம் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் நாள் முழுக்க மிதித்தால் மறுநாள் நடக்க முடியாது.

இனி கருவிகள். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

டவுன்ரிகர்தான் ராஜா, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாலைந்து கிலோ எடையுள்ள குண்டைக் கம்பியில் கட்டி இறக்குகிறோம். தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் கவ்வ வைக்கிறோம். மீன் கடித்தால் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும், பிறகு எடையே இல்லாமல் மீனோடு நேருக்கு நேர். 70 அடி என்று வைத்தால் ஏறக்குறைய 70 அடிதான், வேகம் கூடினால் குண்டு கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய் மேலே ஏறும், அவ்வளவே. கோடையில் ஏரி அடுக்கு அடுக்காகப் பிரிந்து, நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் தெர்மோக்லைன் உருவாகிற சமயத்தில், இந்தத் துல்லியத்துக்கு ஈடு கிடையாது. ஏரி ட்ரவுட் 10 டிகிரி செல்சியஸ் பக்கம் நிற்கும், சினூக் அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பில் இருக்கும். ஐந்தடி தவறினாலும் வெறும் தண்ணீரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஆனால் தனியாக அதை இறக்கிப் பாருங்கள். ஒரு கை குண்டை இறக்கும் கைப்பிடியில். இன்னொரு கையின் கட்டைவிரல் ரீலின் மேல், நரம்பு தளர்ந்தாலும் சிக்கல், இறுகினாலும் கிளிப் விட்டுவிடும். அந்த நேரத்தில் காற்று படகைத் திருப்பும். சுக்கானுக்கு மூன்றாவது கை வேண்டும். மீன் மாட்டினால் இதே கூத்து தலைகீழாக நடக்கும். கோலைப் பிடிக்க வேண்டும், குண்டை மேலே ஏற்ற வேண்டும், ஏற்றாமல் விட்டால் மீன் கம்பியைச் சுற்றிவிடும். அந்த வருடம் நான் இழந்த மீன்களில் நல்லவை எல்லாம் கம்பியில் சுற்றிப் போனவைதான் என்று நினைக்கிறேன். மீனவன் இழந்த மீன் எப்போதும் பெரிதுதான், அதற்குத் தள்ளுபடி கொடுத்துப் படிக்கவும்.

லெட்கோர் அப்படியல்ல. பின்னிய உறைக்குள் மெல்லிய ஈயக் கம்பி ஓடும் நரம்பு அது, தன் எடையிலேயே மூழ்கும். 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். நடை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் நிறத்துக்குச் சுமார் ஐந்தடி இறங்கும் என்பது பொதுக் கணக்கு. 20 அடி வேண்டுமா, நாலு நிறம் விட வேண்டும். ஒரு கை ரீலில், ஒரு கை சுக்கானில். குண்டு, கம்பி, கிளிப் எதுவும் இல்லை. முடிச்சுப் போடுவதற்கு மட்டும் ஒரு பழக்கம் வேண்டும்: நுனியில் சில அங்குலம் ஈயத்தை உருவி எறிந்துவிட்டு, வெற்று உறையில் முடிய வேண்டும். ஈயத்தோடு முடிந்தால் அங்கேயே முறிந்துபோகும்.

எனக்கு இதில் பிடித்தது அதன் நெளிவு. படகை வளைத்து வளைத்து ஓட்டும்போது உள்வளைவில் உள்ள நரம்பு வேகம் குறைந்து இறங்கும், வெளிவளைவில் உள்ளது வேகமெடுத்து ஏறும். இரை ஏறி இறங்கி, முடங்கி, மறுபடி ஓடுகிற சின்ன மீன்போல ஆடும். எந்த வளைவில் கடி விழுகிறது என்று பார்த்தால் மீன் எந்த வேகத்தைக் கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும். டவுன்ரிகரில் அவ்வளவு ஆட்டம் வராது.

குறைகள் இல்லாமல் இல்லை. 10 நிறத்தையும் விட்டால்கூட 50 அடியைத்தான் தொடும், அதற்கு 300 அடி நரம்பு பின்னால் போக வேண்டும். மற்ற படகுகள் நெருங்கி ஓடுகிற ஏரியில் அது வம்பு. அந்த வருடம் ஏரிகளில் நெரிசலும் கூடியிருந்தது, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாம் தூண்டில் வாங்கிவிட்டார்கள். ஓரடி நீளக் கொக்கனி மாட்டினால் ஈயத்தின் எடையில் தெரியவே தெரியாது, கால் மணி நேரம் இழுத்துக்கொண்டே போயிருப்போம். முக்கியமானது, படகை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் ஈயம் அடிக்குப் போய் மரக்கட்டையிலோ பாறையிலோ மாட்டும். மீனோடு போராடும்போதும் படகு ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். திசையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் மின்மோட்டார் அணியத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒற்றை ஆள் எதற்காவது பணம் செலவழிப்பதாக இருந்தால் டவுன்ரிகருக்கு முன்னால் அதற்குச் செலவழிக்கலாம் என்பேன், அதுதான் அந்த மூன்றாவது கை.

டைவர் மூன்றாவது. தட்டு வடிவத்தில் இருக்கும், தண்ணீரின் அழுத்தத்திலேயே முக்குளித்துப் போகும். அடியில் உள்ள எண் வட்டைத் திருப்பினால் இடமோ வலமோ விலகி ஓடும். விலை குறைவு, பொருத்த எதையும் துளையிட வேண்டாம், இரண்டு கையே போதும். காகிதத்தில் பார்த்தால் தனியாளுக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் கடைசி ஏழடியில். டைவர் கோலின் நுனி வளையத்துக்குள் நுழையாது. டைவருக்குப் பின்னால் ஆறேழடி நரம்பு, அதன் முனையில் மீன். ஒன்பதடிக் கோலைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் ஏழடி தள்ளித் துள்ளுகிற மீனை, இன்னொரு கையில் உள்ள வலைக்குள் கொண்டுவர வேண்டும். கோலைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து அணியம்வரை பின்னோக்கி நடந்தால் முடியும். வலையை யார் பிடிப்பது? போதாததற்கு, மீன் இல்லாதபோதும் அது இழுக்கும் இழுப்பில் மணிக்கட்டு விட்டுப்போகும். இரண்டு பேர் படகில் அருமையான கருவி. தனியாளுக்கு என் பட்டியலில் கடைசி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது: அந்த முதல் வசந்தத்தில் இவற்றில் எதுவுமே தேவைப்படவில்லை. பனி உருகிய ஏரியில் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர். ட்ரவுட்டும் சால்மனும் மேல் பத்தடியிலேயே, பல நேரம் கரையோரத்திலேயே சுற்றும், வெயில் படும் நீர் அங்கேதான் ஒன்றிரண்டு டிகிரி கூடியிருக்கும். எடையே இல்லாத வெறும் நரம்பை 150 அடி பின்னால் விட்டு இழுத்தால் போதும். படகின் நிழலும் சத்தமும் மீனை விரட்டாமல் இருக்க, நரம்பைப் பக்கவாட்டில் கொண்டுபோகும் சின்னப் பிளேனர் பலகை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்த வாரங்களும், மீன் மிக எளிதாகக் கிடைக்கும் வாரங்களும் ஒன்றாக வந்து விழுந்தன. ஆழக் கருவிகள் தேவைப்பட்ட ஜூலைக்குள் கட்டுப்பாடுகள் பல இடங்களில் தளர்ந்துவிட்டன.

அந்த எளிய மாதங்கள்தான் தண்ணீர் கொல்லுகிற மாதங்களும். 5 டிகிரி நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே வசத்தில் இருக்காது. கைகால் சொன்னபடி கேட்பது அடுத்த சுமார் பத்து நிமிடம். மிதவை அங்கி போட்டவருக்கு நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம். போடாதவர் அவ்வளவு தூரம் போகமாட்டார். மணிக்கு 3 கிலோமீட்டர் என்பது கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கனத்த உடையோடு விழுந்தவரால் அந்த வேகத்தில் விலகிப்போகும் படகை நீந்திப் பிடிக்க முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுநர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. ட்ரோலிங் போன்ற மெதுவான ஓட்டத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனால் ஒரு கையில் வலையோடு அமரத்தில் குனிந்து நிற்கும் ஒற்றை ஆளுக்குத்தான் அது முதலில் வேண்டும். நான் மெதுவாகப் போகும்போதும் மாட்டுகிறேன். குனியும்போது இரண்டு தடவை இழுபட்டு எஞ்சின் நின்று, லெட்கோர் அடியில் போய் மாட்டியதும் உண்டு.

அப்படியானால் டவுன்ரிகரை விற்றுவிட்டேனா என்றால், இல்லை. ஆகஸ்டில் ஏரி ட்ரவுட் 90, 100 அடியில் தரையை ஒட்டிக் கிடக்கும்போது லெட்கோர் அங்கே எட்டாது. இடப்பக்கத்தில் மட்டும் ஒன்று வைத்திருக்கிறேன், மின்சாரத்தில் ஓடுவது. பொத்தானை அழுத்தினால் குண்டு தானாக மேலே வந்து நிற்கும். ஒரே ஒரு தூண்டில், வேறெதுவும் தண்ணீரில் கிடையாது. வலைக்கும் வேலை வைப்பதில்லை. எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் போட்டு, மீனைப் படகோரம் கொண்டுவந்து, இடுக்கியால் தண்ணீரிலேயே கழற்றி விடுகிறேன். ட்ரவுட்டால் காற்றுப்பையில் உள்ள காற்றை வாய்வழியே வெளியேற்ற முடியும் என்பதால் ஆழத்திலிருந்து வந்தாலும் பல மீன்கள் தப்பிக்கும். அவற்றுக்கு எமன் மேல்மட்டத்து வெந்நீர்தான். 20 டிகிரிக்கு மேல் போன நாட்களில் ஆழத்து மீனைத் தேடிப் போவதே இல்லை, சாப்பாட்டுக்கு ஒன்று எடுக்கிற எண்ணம் இருந்தால் தவிர.