விடியற்காலையில் கேமராவோடு எங்கே போகலாம்?

கன்னியாகுமரி முனையில் சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லாப் போன்களும் ஒரே பக்கம் திரும்பும். 133 அடி வள்ளுவர் சிலை, 1970-இல் திறந்த விவேகானந்தர் மண்டபம், கடல். படம் அழகுதான், ஆனால் பக்கத்தில் நிற்பவரிடமும் அதே படம் இருக்கும். மேகம் மறைத்தால் அதுவும் போச்சு.

நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் தோவாளை பூச்சந்தையில் அந்தக் கவலை இல்லை. பல்பு வெளிச்சத்தில் பிச்சிப்பூக் குவியல், ஈரச் சாக்கு, தராசுத் தட்டைத் தட்டிவிடும் விரல். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் கேந்திப்பூ மூட்டைகள் வழியை அடைக்கும்.

“அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?”

“எடு மக்களே, பூ வாங்கிட்டு எடு!”

குடும்பத்தோடு என்றால் முனை சரி. கதையோடு படம் வேண்டுமென்றால் தோவாளைதான். அப்புறம், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.