டூரில் இருக்கும் பேண்டுகளே, பழைய இன்-இயர் செட் வாங்குமுன் இதைப் படியுங்கள் (எங்களுக்கு 80,000 போச்சு)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன். அந்த ஆளுக்கு அது தேவையில்லை.

80,000. ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன பேண்டின் பொதுக் கணக்கிலிருந்து, இன்-இயர் செட்டுக்காக, அதாவது மேடையில் நாங்கள் பாடுவதும் வாசிப்பதும் எங்கள் காதிலேயே கேட்க மாட்டிக்கொள்ளும் இயர்போன் செட்டுக்காகப் போன பணம். பழைய இசைக்கருவிகளையும் ஒலிக்கருவிகளையும் வாங்கி விற்கும் ஒரு இணையதளம் வழியாகப் போனது. பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் அனுப்பவும் எங்களிடம் காசு இல்லை. 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்', 'உங்கள் பணத்துக்கு முழுப் பாதுகாப்பு' என்று பச்சை டிக் போட்டுக் காட்டும் வகைத் தளம், அவ்வளவுதான் சொல்வேன். நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு, இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எதற்காக வாங்கினோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சின்ன பேண்டாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். ஒரு மேடையில் வாசிப்பவர்களுக்குக் கேட்க அவர்கள் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் நாலு இருக்கும், அடுத்த மேடையில் ஒன்று இருக்கும், அதிலும் கோன் கிழிந்திருக்கும். தன் குரல் தனக்கே கேட்காமல் பாடகன் கத்துவான். வாரக் கடைசி நிகழ்ச்சிக்குள் தொண்டை கட்டிவிடும். டிரம்மருக்கு வேறு பிரச்சினை. எங்கள் பாட்டுகளில் பாதிக்கு லேப்டாப்பிலிருந்து முன்பே பதிவு செய்த பேக்கிங் டிராக் ஓடுகிறது. அதோடு சேர்ந்து வாசிக்க அவன் காதில் கிளிக், அதாவது வேகம் காட்டும் 'டிக் டிக்' சத்தம், விழுந்தே ஆக வேண்டும். இதற்கெல்லாம் ஒரே தீர்வு, ஆளாளுக்கு ஒரு வயர்லெஸ் இன்-இயர். யார் காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்ற நம் மிக்ஸ், கருவிகளைப் பொருத்திய நம் ராக் பெட்டியிலேயே இருக்கும், எந்த மேடைக்குப் போனாலும் ஒரே மாதிரி கேட்கும்.

புதிதாக வாங்க வழியில்லை. வாசல் டிக்கெட்டில் வரும் பங்கு வேனின் எரிபொருளுக்கும் அறைக்கும் போய்விடும். கையில் கொஞ்சமாவது மிஞ்சுவது, நிகழ்ச்சி முடிந்ததும் மேசை போட்டு விற்கும் டீ-ஷர்ட்டில்தான். அந்தப் பணமும் அடுத்த பாட்டை ரெக்கார்ட் செய்ய எடுத்து வைத்ததும் சேர்ந்ததுதான் இந்த 80,000.

இனி அந்த ஆள்.

விளம்பரத்தில் இருந்தது இது: ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இரண்டு, அதை வாங்கிக் காதுக்குத் தரும், இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக் ஐந்து, டிரான்ஸ்மிட்டர்களை ஒரே ஆண்டெனாவில் சேர்க்கும் கம்பைனர், எல்லாம் ராக்கில் பொருத்தியது. 'யுஎச்எஃப், டூருக்குத் தயார்.' நான் செய்தி அனுப்பியதும் விலை பேசவில்லை, எங்களைப் பற்றிக் கேட்டார். யார் யார் என்ன வாசிக்கிறீர்கள், கிளிக் யாருக்குப் போகிறது, லேப்டாப்பிலிருந்து எத்தனை சேனல் எடுக்கிறீர்கள் என்று. இரண்டு டிரான்ஸ்மிட்டரை மோனோவில், அதாவது இடது வலது சேனலுக்குத் தனித்தனி மிக்ஸாக, ஓட்டினால் நாலு மிக்ஸ் கிடைக்கும், பேஸும் கீபோர்டும் ஒரே மிக்ஸைப் பகிர்ந்துகொள்ளட்டும், டிரம்மருக்கும் பாடகருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள் என்றார். சரியான யோசனை. தொழில் தெரிந்தவர் சொல்வது. "நானும் வேன்ல தூங்கினவன்தான் தம்பி, இடுப்பு வலி எப்படி இருக்கும்னு தெரியும்" என்றார். எங்கள் வேனில் எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். டிரம்மர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

வீடியோ காலில் வந்து செட்டை ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு பெல்ட்பேக்கையும் போனின் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். தெளிவாகக் கேட்டது. "பின்பக்கம் ஒரு தடவை காட்டுங்கண்ணா" என்று கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், கேட்டேன். "பின்னாடி வெறும் ஆண்டெனா சாக்கெட்தான் தம்பி, கேபிள் எல்லாம் போட்டிருக்கு, சுவத்தோட சேர்த்து வச்சிருக்கேன். நகர்த்தினா எல்லாத்தையும் திரும்பக் கட்டணும்" என்றார். அப்புறம் அவராகவே விலையைக் குறைத்தார். "வளர்ற பசங்க, நல்லா வாங்க." 80,000-க்கு முடிந்தது.

எங்கே அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது இன்னும் அன்பாகிவிட்டார். எங்கள் டூர் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அதில்தான் எல்லாம் இருக்கிறதே. "நடுவுல உங்களுக்கு ரெண்டு மூணு நிகழ்ச்சி இருக்கு, அலையாதீங்க. அதுக்கு அடுத்து பெரிய அரங்கத்துல வாசிக்கிறீங்க இல்லையா, அங்கேயே ஆபீஸ் முகவரிக்கு அனுப்பிடறேன். நீங்க போறப்ப பெட்டி ரெடியா இருக்கும்." இப்படியும் ஒரு மனிதரா என்று அன்று நினைத்தோம்.

அந்தத் தளத்தின் விதி இது: பணம் முதலில் தளத்திடம் இருக்கும். பொருள் சேர்ந்ததாகக் கூரியரில் பதிவான நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வாங்கியவர் புகார் எழுப்பாவிட்டால், பணம் தானாக விற்றவருக்குப் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு 72 மணி நேரம் போதும். எங்கள் பெட்டியோ நாங்கள் போவதற்கு வெகு முன்பே அந்த அரங்கத்துக்குப் போய்விட்டது. வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்? நாங்கள் வேறொரு ஊரில் டிரம்ஸைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது 80,000 அந்த ஆளுக்குப் போய்விட்டது. 'உங்கள் வர்த்தகம் வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு செய்தி, பட்டாசு வெடிக்கிற படத்தோடு.

போனோம், பெட்டியைப் பிரித்தோம், மாலையில் சவுண்ட்செக். அருமையாக இருந்தது. உண்மையிலேயே அருமை. பாடகன் ஒரு பாட்டு முழுக்கக் கத்தாமல் பாடினான். காலி அரங்கம், ஐந்து பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இரவு அரங்கம் நிறைந்தது. முதல் பாட்டிலேயே என் காதில் பொறிப்பொறியாகச் சத்தம். இரண்டாவது பாட்டின் நடுவில் டிரம்மருக்குக் கிளிக் அறுந்தது. அவன் நினைவிலேயே தாளத்தைப் பிடித்து வாசித்தான், லேப்டாப் தன் வேகத்தில் போனது, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் விலகி, கோரஸ் வரும்போது வயலின் டிராக் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அப்போதுதான் பாடகன் காதில் முழு வால்யூமில் 'ஷ்ஷ்' என்று இரைச்சல் வெடித்தது. மைக்கை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். பார்வையாளர்கள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மீதி நிகழ்ச்சியை இன்-இயரைக் கழற்றிவிட்டு, டிராக் இல்லாமல், அரங்கத்தின் மானிட்டரை வைத்தே ஒப்பேற்றினோம்.

முடிந்த பிறகு அந்த அரங்கத்தின் சவுண்ட் என்ஜினியர் அக்கா வந்து ராக்கைத் திருப்பினார். இரண்டு டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கமும் கறுப்பு டேப். கேபிள் கட்டுகிற டேப் மாதிரி இயல்பாகத்தான் ஒட்டியிருந்தது. உரித்தார். கீழே அலைவரிசை எல்லை அச்சாகியிருந்தது. 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கும் எண். "போச்சு" என்றார்.

அவர் சொன்னதை வைத்தும், பிறகு நானே படித்ததை வைத்தும் சொல்கிறேன். ஒரு காலத்தில் வயர்லெஸ் மைக்கும் இன்-இயரும் டிவி அலைவரிசைகளுக்கு நடுவே இருந்த காலி இடங்களில்தான் ஓடின. அப்புறம் உலகம் முழுக்க அந்த இடங்களை மேலிருந்து வெட்டி வெட்டிச் செல்போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸில் வயர்லெஸ் மைக் பயன்படுத்த 2010 ஜூன் 12-ஓடு தடை வந்துவிட்டது. 600-லும் பெரும்பகுதி 2020 ஜூலை 13-ஓடு போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 700-ஐ விடுவிக்க வைத்த கெடு 2020 ஜூன் 30. இன்னும் பல நாடுகளில் 703-இலிருந்து 748 வரை போன் டவருக்கு அனுப்பும் பக்கம், 758-இலிருந்து 803 வரை டவர் போனுக்கு அனுப்பும் பக்கம். மாலையில் காலி அரங்கத்தில் ஏன் நன்றாக ஓடியது, இரவில் ஏன் செத்தது என்பதற்கு விடை இதுதான். வந்தவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். பாட்டைப் படம்பிடித்து மேலே ஏற்றுகிறார்கள். எங்கள் பெல்ட்பேக்குக்கு நாலடி தூரத்தில், அதே அலைவரிசையில்.

சரி, வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அந்த எல்லைக்குள்தான் மாற்ற முடியும். எல்லை என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டோடு வருவது. சர்வீஸ் சென்டரில் கேட்டோம். போர்டையே மாற்ற வேண்டும், இந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை என்றார்கள். அப்புறம் 'யுஎச்எஃப்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தானே? யுஎச்எஃப் என்றால் 300 முதல் 3,000 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாமே. வீடு எங்கே என்று கேட்டால் பூமியில் என்று சொல்வதைப் போன்ற பதில். பொய்யும் இல்லை பாருங்கள்.

இதன்பிறகு நடந்ததுதான் 80,000-ஐ விட அதிகம் எரிகிறது.

தளத்தின் சாட்டில் முதலில் ஒரு ரோபோ. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பார்சல் வந்து சேரவில்லையா?' சேர்ந்துவிட்டது. 'மகிழ்ச்சி! வேறு உதவி வேண்டுமா?' கடைசியில் ஒரு மனிதர் கிடைத்தார்.

"சார், பொருள் ஆன் ஆகுதா?"

"ஆகுது, ஆனா..."

"அப்ப விளம்பரத்தில் சொன்னபடிதான் இருக்கு சார்."

சட்டப்படி பயன்படுத்த முடியாத பொருள் என்றேன். அது வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார். டேப் ஒட்டி மறைத்த படத்தை அனுப்பினேன். பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார். இருந்தது, டிரம்மர் எடுத்திருந்தான், அனுப்பினேன். பார்த்துவிட்டு, 72 மணி நேரம் தாண்டிவிட்டது, விற்றவரிடமே பேசுங்கள் என்று முடித்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை வேறொருவர், மறுபடி முதலிலிருந்து, பொருள் ஆன் ஆகுதா சார்.

விற்றவரிடம் பேசினேன். அந்த அன்பான அண்ணன் இப்போது, "எங்கிட்ட ஓடினதை நீங்களே பார்த்தீங்க. அங்க ஓடலைன்னா உங்க சவுண்ட் ஆளுக்கு வேலை தெரியலை" என்றார். டேப் எதற்கு ஒட்டினீர்கள் என்று கேட்டேன். செய்தி படிக்கப்பட்டதற்கான நீல டிக் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அந்தத் தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இன்னும் இருக்கிறது, நட்சத்திரம் ஐந்து.

பணம் கட்டிய வங்கியில், நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை என்றார்கள். போலீஸில், எந்த ஊரில் நடந்தது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பணம் அனுப்பியபோது ஒரு ஊர், பெட்டி வந்தது வேறு ஊர், பிரித்துப் பார்த்தபின் புகார் கொடுக்க நிற்பது மூன்றாவது ஊர், விற்றவர் இருப்பது இன்னொன்று. ஒவ்வொருவரும் இன்னொரு ஊரைக் கை காட்டினார்கள். நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று ஒருவர் சொன்னார். நாளைக்குக் காலையில் நாங்கள் அந்த ஊரிலேயே இருக்க மாட்டோம் சார் என்றேன். அப்ப ஊர் திரும்பினதும் பாருங்க என்றார்.

இதெல்லாம் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அந்த ஆள் எங்கள் போஸ்டரைப் படித்துக் கணக்குப் போட்டிருக்கிறார். எந்த முகவரிக்கு அனுப்பினால் 72 மணி நேரமும் வேனிலேயே கழியும் என்று பார்த்துத்தான் அந்த அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். நாம் எப்போது எங்கே இருப்போம், எப்போது எங்கே இருக்க மாட்டோம் என்பதை நாமே ஊருக்கெல்லாம் அச்சடித்து ஒட்டுகிறோம். இன்னொரு பேண்டையும் இப்படிச் செய்திருப்பார், இனியும் செய்வார்.

அதே தளத்தில் அதே மாதிரி டேப் ஒட்டி விற்றுவிடு என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் பேண்டிலேயே இதற்காக ஒரு சண்டை நடந்தது. ஐந்தில் இரண்டு பேர் விற்கலாம் என்றார்கள், யார் என்று சொல்ல மாட்டேன். விற்கவில்லை. ராக் வேனின் பின்னால் கிடக்கிறது, மேலே டிரம் ஸ்டூலை வைத்திருக்கிறோம். ரெக்கார்டிங் தள்ளிப் போய்விட்டது.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது வண்டி கிளம்புகிறது. சுருக்கமாக:

டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கப் படம், பெல்ட்பேக்கின் பேட்டரி மூடியைத் திறந்த படம், இரண்டிலும் மெகாஹெர்ட்ஸ் எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாங்காதீர்கள், ஆள் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும். டூர் போகிற எல்லா நாட்டிலும் அந்த எண் செல்லுமா என்று அந்தந்த நாட்டு அலைவரிசை ஆணையத்தின் பக்கத்தில் பாருங்கள்.

அரங்கத்து முகவரிக்கு எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்களோ வீட்டு ஆளோ அன்றே பிரிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும்.

சவுண்ட்செக்கில் சரியாக இருந்தால் போதும் என்று விடாதீர்கள், கூட்டம் வந்த பிறகு எந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள்.

பெல்ட்பேக்கில் லிமிட்டர் (திடீர்ச் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருந்தால் ஆன் செய்யுங்கள். எங்கள் பாடகனுக்கு இடது காதில் இன்னும் 'ங்ங்' என்று கேட்கிறதாம், நாளை டாக்டரிடம் போகிறான். அதற்கு ஆகப்போகும் செலவை அந்த 80,000-இல் நான் சேர்க்கவில்லை.