டெலி ரோலைஃப்ளெக்ஸ் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான்கு மாதத்துக்கு முன் எனக்கு ஒரு டெலி ரோலைஃப்ளெக்ஸ் (முகப்படத்துக்கான பழைய இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமரா) விற்றவர், போன வாரம் இன்னொன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். வாசகம்கூட மாறவில்லை: "ஃபுல் சர்வீஸ் முடிந்தது, புது பிரைட் ஸ்கிரீன், லென்ஸ் பளிங்கு மாதிரி." அதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்க மனசு வரவில்லை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். யாரிடம் வாங்கினாலும் இது உதவும்.

எங்கள் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். யாஷிகா மேட்டில் ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்தவர். 80 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டே போகாதே, மூக்கு பெருத்து காது சிறுத்துவிடும் என்பார். அந்தக் குறைக்கு மருந்தாக ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே கம்பெனி செய்ததுதான் டெலி ரோலைஃப்ளெக்ஸ். 1959-இல் வந்தது, 1970-களின் நடுப்பகுதி வரை செய்தார்கள். கீழே படம் எடுக்கும் லென்ஸ் ஸைஸ் சோனார் 135 மி.மீ., எஃப் 4. மேலே பார்ப்பதற்கு அதே நீளத்தில் இன்னொன்று. ஒன்பதடி தள்ளி நின்று, கேமராவை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து மேலே உள்ள ஸ்கிரீனில் பார்க்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக எதையும் நீட்டுவதில்லை. வயசானவர்கள் இந்தக் கேமராவுக்கு முன்னால் இயல்பாக உட்காருவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது வேண்டியிருந்தது அப்பத்தாவுக்காக. 84 வயசு. சிவகங்கைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். காதில் இன்னும் தண்டட்டி போட்டிருக்கும் மனுஷி எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

விலை 1,65,000 ரூபாய். பில் வேண்டாமென்றால் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். அங்கேயே என் பிடி போய்விட்டது. முகப்படத்துக்குத் தேவையான 0.35 ரோலைனாரும் (கிட்டே ஃபோகஸ் செய்ய லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி) சேர்த்துத் தருவதாகச் சொன்னார். இந்தக் கேமரா 2.6 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் சட்டத்துக்குள் ஒரு மீட்டர் அகலம் வந்துவிடும், அதாவது இடுப்பு வரை. முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் டெலிக்கென்றே செய்த அந்த 0.35 ஜோடிக் கண்ணாடி வேண்டும். பார்சலில் வந்தது சாதாரண ரோலைஃப்ளெக்ஸுக்கான ரோலைனார் 1. வாய் அளவு ஒன்றேதான், பே 3, அதனால் கச்சிதமாக மாட்டிக்கொள்கிறது. ஆனால் ஒரு மீட்டருக்குள் போனால்தான் ஃபோகஸ் ஆகும். அவ்வளவு கிட்டே போவதற்கு 135 லென்ஸ் எதற்கு? கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றில்லை.

வெளிச்சம் அளக்கும் மீட்டரின் ஊசி அசையவில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த வயசு செலினியம் செல் பெரும்பாலும் செத்துத்தான் இருக்கும்.

முதல் ரோலைப் பெசன்ட் நகர் கடற்கரையில், நல்ல வெயிலில், லென்ஸ் துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கி எடுத்தேன். பன்னிரண்டு படமும் கத்தி மாதிரி இருந்தன. அந்தச் சந்தோஷத்தில் ஊருக்குப் போனேன்.

அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்தேன். காலை எட்டு மணி, தெருவிலிருந்து மெதுவாக உள்ளே வரும் வெளிச்சம். ஹெச்பி5 கறுப்பு வெள்ளை ரோல், துவாரம் முழுக்கத் திறந்து எஃப் 4, 1/125. லூப்பைத் (உருப்பெருக்கிக் கண்ணாடி) தூக்கிவிட்டு இடது கண்ணின் இமையில் ஃபோகஸ் வைத்தேன். ஸ்கிரீனில் இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. "ஏப்பா, என்னத்தைக் குனிஞ்சு தேடுற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாரே, அந்த நொடியில் அழுத்தினேன். இரண்டு ரோல், இருபத்துநாலு படம்.

நெகட்டிவ் வந்ததும் அப்பா ஜன்னலோரம் பிடித்து லூப் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தண்டட்டி நல்லா வந்திருக்குடா" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். தண்டட்டியின் விளிம்பு, அதில் விழுந்த நசுங்கல், இழுபட்டுத் தொங்கும் காதுமடலின் சுருக்கம், எல்லாம் துல்லியம். கண் இரண்டும் பால் ஊற்றியது போல மங்கல். இருபத்துநாலிலும் அப்படியே.

விற்றவருக்கு போன் செய்தேன். முதலில் லேப் மேல் பழி போட்டார். லேப் கெடுத்திருந்தால் தண்டட்டி எப்படித் துல்லியமாக வரும்? அடுத்து, "உங்க கண்ணாடி பவரைச் செக் பண்ணுங்க சார்" என்றார். ஸ்கேன் அனுப்பினேன். "செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரி பதில் வந்தது. அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேல் மூடியைக் கழற்றி, ஸ்கிரீனைத் தூக்கிப் பார்த்தவர் உடனே சொல்லிவிட்டார். கம்பெனி ஸ்கிரீனை எடுத்துவிட்டு, வேறெதற்கோ வெட்டிய மெல்லிய பிரைட் ஸ்கிரீனை வைத்திருக்கிறார்கள். தடிமன் குறைந்தால் அதை ஈடுகட்ட அடியில் தகடு கொடுத்து உயர்த்த வேண்டும். கொடுத்த தகடு அளவுக்கு மேல் தடித்தது. ஸ்கிரீன் 0.4 மி.மீ. உயர்ந்து உட்கார்ந்திருந்தது. ஃபுல் சர்வீஸ் என்று சொன்னார்களே, அதன் லட்சணம் இது.

0.4 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். இரட்டை லென்ஸ் கேமராவில் நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, ஃபிலிம் பார்ப்பது கீழ் லென்ஸ் வழியாக. ஸ்கிரீனுக்கும் ஃபிலிமுக்கும் இடையில் அந்தச் சிறு வித்தியாசம் வந்தால், 135 லென்ஸில் 2.6 மீட்டர் தூரத்தில் அது முகத்தின் மேல் ஐந்து அங்குலமாக விரியும். கண்ணிலிருந்து காது வரைக்கும் கணக்கு சரியாக வருகிறது. எஃப் 4-இல் அந்தத் தூரத்தில் தெளிவு விழும் ஆழமே ஒரு சாண் கிடையாது. கடற்கரையில் எஃப் 11 வைத்ததால் அந்த ஆழம் கூடி, பிழை வெளியே தெரியவில்லை. விற்பவர் அனுப்பியிருந்த மாதிரிப் படங்களும் உச்சி வெயிலில், தூரத்துக் கட்டிடங்களைப் பார்த்து எடுத்தவைதான். இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

ஆகவே "புது பிரைட் ஸ்கிரீன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பழைய ஸ்கிரீன் எங்கே என்று கேளுங்கள். கையில் கொடுத்தால் நல்லது. முடிந்தவரை நேரில் போய் வாங்குங்கள். பின்கதவைத் திறந்தால் ஃபிலிம் ஓடும் தண்டவாளம் இரண்டு ஜோடி இருக்கும். உள்ஜோடியின் மேல் மங்கலான செல்லோடேப்பை இழுத்து ஒட்டுங்கள், தொய்வு இருக்கக் கூடாது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எஃப் 4-இல் திறந்து, ஷட்டரை பி-இல் (அழுத்தும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து கேபிள் போட்டுப் பூட்டிவிடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளைத் தொங்கவிட்டு, மேல் ஸ்கிரீனில் எழுத்து தெளியும் இடத்தில் குமிழை நிறுத்துங்கள். பிறகு டேப்பின் மேல் லூப் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விலைக்கு வேண்டாம். பத்து நிமிஷ வேலை. விற்பவர் இதற்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சமயத்திலேயே போன் டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை வலை மாதிரி படர்ந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஒரு விநாடி ஷட்டரையும் காது கொடுத்துக் கேளுங்கள், இழுத்துக்கொண்டே போகிறதா என்று. பில் கட்டாயம் வாங்குங்கள். ரோலைனாராக இருந்தால் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படமாகக் கேளுங்கள்.

இரட்டை லென்ஸில் முகப்படம் எடுக்க டெலி ரோலைஃப்ளெக்ஸ் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. மாமியா சி330 உடலில் 180 மி.மீ. எஃப் 4.5 ஜோடி லென்ஸைக் கழற்றி மாட்டலாம். லென்ஸை முன்னே நீட்டும் மடிப்புத் துருத்தி (பெல்லோஸ்) இருப்பதால் கூடுதல் கண்ணாடி இல்லாமலே கிட்டே போகலாம். கனம் அதிகம்தான், ஆனால் அந்த எடையை நான் தூக்கியிருப்பேன். அதற்கும் இதே டேப் சோதனையைச் செய்ய வேண்டும்.

என் கேமராவை மெக்கானிக் சரியான தடிமனில் பித்தளைத் தகடு வெட்டி வைத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார். டேப்பிலும் ஸ்கிரீனிலும் இப்போது ஒரே எழுத்து தெளிகிறது. சோனார் லென்ஸ் அற்புதமானது, அதில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன். போனில் அப்பத்தா, "போன தடவை எடுத்த படம் எங்கப்பா?" என்று கேட்டார். வந்து தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.