பெஞ்ச் பிரஸ் 60 கிலோவில் நின்றால்: கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா?

மல்லாந்து படுத்து எடைக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்குகிற பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்று மாதமாக நான் 60 கிலோவைத் தாண்டாமல் இருந்தேன். ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை தூக்கி இறக்குவது, போகும். ஆறாவதில் கம்பி நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். பின்னால் நிற்கிறவர் இரண்டு விரல் கொடுத்தால்தான் மிச்ச தூரம் ஏறும்.

வண்ணார்பேட்டையில் நான் போகிற ஜிம்மில் மாஸ்டரிடம் சொன்னேன். "வாரத்துல இன்னும் ரெண்டு நாள் கூட வாங்க அண்ணாச்சி, தன்னால ஏறும்" என்றார். சிலம்பம் சுற்றிப் பழகிய என் தாய்மாமா நேர் எதிர்: "உழவு மாட்டையே ஒரு நாள் அவுத்து விடுதோம்லா மருமவனே." கூட வருகிற கல்லூரிப் பையனோ, அட்டவணையையே மாற்றுங்கள் என்று யூடியூபைக் காட்டினான். மூன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழகிய சுமைக்கு உடம்பு மேற்கொண்டு வளராது. 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், காயம்பட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டித்தான் தசையைத் தேற்றினார். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் தினமும் நடக்கிற என் அத்தானுக்கு வேண்டியதும் இதுதான். அதே சுற்று, அதே வேகம். முதலில் ஆறு கிலோ குறைந்தது, அப்புறம் முள் அசையவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு அப்படி: உடம்பு லேசாகிவிட்டால் அதே ஐந்து கிலோமீட்டருக்குச் செலவாகும் கலோரியும் குறைந்துவிடும். அவர் இடையிடையே இரண்டு நிமிடம் விறுவிறுவென்று நடக்கலாம், இல்லையென்றால் தூரத்தைக் கூட்டலாம்.

ஆனால் ஜிம்மில் கூட்டுவதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. எங்கள் ஜிம்மில் இருப்பதிலேயே சின்னத் தட்டு 2.5 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரேயடியாக 5 கிலோ ஏறுகிறது. 30 கிலோ ஷோல்டர் பிரஸ் (கம்பியைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது) செய்கிறவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. தோள் எப்படித் தாங்கும்? முதலில் எட்டு ரெப்பைப் பன்னிரண்டாக்கிவிட்டு, பிறகு தட்டைத் தொடுவதே வழி. நான் 1.25 கிலோ தட்டு இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஏற்கெனவே வாரம் நான்கு நாள் போகிறவன். அதை ஆறாக்கினேன். இரண்டே வாரத்தில் ஐந்து ரெப் நான்கானது. குளிக்க வாளியைத் தூக்கினால் வலது தோளில் சுருக்கென்றது. ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு.

அப்புறம் மாமா பேச்சைக் கேட்டேன். ஒரு வாரம், அதே எடை, பாதி செட் (நிறுத்தாமல் தூக்குகிற ஒரு சுற்று ரெப்தான் செட்). கம்பியை வைத்துவிட்டு வர மனசே வரவில்லை, ஏதோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை 60 கிலோவில் ஏழு ரெப் போனது. புதுப் பலம் ஒரு வாரத்தில் முளைத்துவிடவில்லை. களைப்பு அதை மூடி வைத்திருந்தது. பலம் மெதுவாகத்தான் தேயும், களைப்பு சீக்கிரம் வடிந்துவிடும். ஆனால் மாமாவின் யோசனையை வாரம் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறவரிடம் சொன்னால், அவர் வீட்டிலேயே படுத்துவிடுவார்.

பையன் சொன்ன மாற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புது அசைவை நரம்புகள் கற்கிற முதல் சில வாரம் எடை மளமளவென்று ஏறும். முன்னேறிய மாதிரி இருக்கும். மூட்டு வலித்தாலோ சலித்துப்போனாலோ மாற்றலாம். ஒரு மாதம் மாற்றிவிட்டுத் திரும்ப வந்தேன், பெஞ்ச் பிரஸ் விட்ட இடத்திலேயே இருந்தது.

மூன்று பேரும் தொடாதது சாப்பாடு. காலையில் இட்லி, மதியம் சொதியும் சோறும், சாயங்காலம் டீயும் வடையும், ராத்திரி தோசை. என் எடை 70 கிலோ. தசை வளர்க்க நினைக்கிறவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு, அதாவது எனக்கு 112 கிராம். எழுதிக் கூட்டினால் அதில் பாதிதான் வந்தது. சொதியில் தேங்காய்ப்பால்தான் அதிகம், பாசிப்பருப்பு கைப்பிடி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். காலையில் மூன்று, மதியம் மீன், வடைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று மாற்றினேன். சொதியை விடவில்லை, விடவும் மாட்டேன்.

என்னைக் கேட்டால், முதலில் ஒரு நோட்டு போட்டு எடை, ரெப், தூக்கம், சாப்பாடு எல்லாம் எழுதுங்கள். எண்கள் இறங்கி, தூக்கமும் கெட்டால் குறையுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்தும் எண்கள் அப்படியே நின்றால் கூட்டுங்கள், தட்டிலும் இலையிலும்.

இப்போது 67.5 கிலோவில் மூன்று வாரமாக நிற்கிறேன். மாஸ்டர் மறுபடியும் அந்த இரண்டு நாளை ஆரம்பித்துவிட்டார். நோட்டைப் புரட்டினால், இந்த மாதம் ஊரில் கல்யாணம் நாலு, முட்டை சாப்பிட்ட நாள் ஒன்பதுதான்.